பூனைக்காலியும் அவரையும்

மாதேசுவரன் மலைக்காட்டை ஒட்டி அமைந்த ஊர் மார்டள்ளி. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கு வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் காட்டோரம் செல்வதுண்டு. அவ்வாறு செல்வோர் அறிந்து விலக வேண்டிய கொடி பூனைக்காலி. கன்னடத்தார் இதனை நசுகுன்னி என்பர். அயலார் எச்சரிப்பது கன்னடத்தில்தான் என்பதால், இரு பெயரும் தெரிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவில் பாய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடி உண்டு. அதன் பிசின் பட்டால் தோல் கொப்புளிக்கும். மூன்று சிற்றிலை கொண்ட செடியை அணுகாதே என்று அங்கே சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். அவ்விதி நமக்குப் பொருந்தாது. வில்வமும் பலாசும் மூவிலையே, நாம் விரும்பி உண்ணும் அவரையும் மூவிலையே, பூனைக்காலியும் அவ்வாறே. ஆகவே இலையை எண்ணிப் பயனில்லை. பூவையும் காயையும் நோக்குதல் வேண்டும்.

அவரையின் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். பூ வெண்மை அல்லது ஊதா. பூனைக்காலியின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். பூ கருமை கலந்த ஊதா. அவரைக்காய் தட்டையானது. பூனைக்காலியின் காயோ விரல் நீளத்தில் நெளிந்து வளைந்து, பொன்னிறப் பழுப்பு மயிர் போர்த்தியிருக்கும்.

அம்மயிரே துன்பத்திற்குக் காரணம். அது தோலில் தைத்துப் பொறுக்கவொண்ணா அரிப்பை உண்டாக்கும். அதிலுள்ள மியூகுனெயின் என்னும் புரதச் சிதைப்பியே அரிப்பைத் தருவது என ஷெல்லி, ஆர்தர் என்னும் ஆய்வாளர் 1955-இல் வெளியிட்டனர். மழைக்காலம் கழிந்து காய் உலரும்போது மயிர் காற்றிலும் பறக்கும். கொடியைத் தொடாதவரும் தப்புவதற்கில்லை.

மயிர் பட்டால் சொறியலாகாது. தேய்த்தால் அது மேலும் பரவும். ஒட்டும் பிளாஸ்திரியைத் தோலில் மெல்ல அழுத்தி உரித்தால் மயிர் அதனோடு வந்துவிடும். பின்னர் சோப்பிட்டுக் கழுவுக. உடுத்திய துணியைத் தனியே துவைக்க வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் தூய நீரால் அலசி, உடனே மருத்துவமனைக்குச் செல்க.

இதன் விதை மருந்தாகும் என்பது மெய்யே. நடுக்குவாத நோய்க்குத் தரப்படும் லெவோடோபா என்னும் பொருள் அதில் உண்டு. எனினும் மருத்துவர் சொல்லாமல் உண்ணுதல் தீங்கு.

சிறுவர் காய் பறித்து விளையாடும் இயல்பினர். காட்டோரம் அனுப்புமுன், வீட்டு அவரைக்காயைக் கையில் கொடுத்து, மயிர் போர்த்த காய் இதுவன்று என்று காட்டிச் சொல்லுங்கள். அந்த ஒரு பாடமே அவர்களைக் காக்கும்.