கொலு: நிற்பவர்களின் சொல்

கண்டரமாணிக்கத்தில் நான் சின்னப் பையனாக இருந்தபோது, வேலை சொன்ன நேரத்தில் திண்ணையில் சாய்ந்து கிடந்தால் அப்பத்தா கேட்கும்: ‘என்ன, தொரை கொலுவிருக்காகளோ?’ கிண்டல் புரிந்தது. சொல் புரியவில்லை. பின்னால் எம்.ஏ. தமிழ் படித்தபோது அரசனின் பெருமிதத்துக்குச் சொற்கள் ஏராளமாகக் கிடைத்தன. அப்பத்தாவின் ‘கொலு’ மட்டும் பாடத்தில் வரவில்லை. நவராத்திரிப் பொம்மைகளோடு அது முடிந்துபோன சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன். அது தப்பு.

முதலில் தமிழின் சொந்தச் சொல்லைப் பார்க்கலாம். சோழர் மெய்க்கீர்த்திகளில் அரசன் சும்மா ‘இருப்பதில்லை’, ‘வீற்றிருந்தருளுகிறான்’. ‘வீறு’ என்பதற்கு வேறொன்றுக்கும் இல்லாத சிறப்பு என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். ‘வீற்று வீற்றாக’ என்றால் தனித்தனியாக. ஆக, வீற்றிருத்தலில் கம்பீரம் என்பது தனித்திருப்பது. அந்தச் சொல்லுக்குள் அரசன் ஒருவன்தான் இருக்கிறான். எதிரே நிற்கிறவனுக்கு இடமில்லை.

‘கொலு’ அப்படியல்ல. இது தெலுங்கின் ‘கொலுவு’. அரச சபை என்ற பொருள் அங்கேயும் உண்டு. ஆனால் ‘கொலுசு’ என்ற வினைக்குப் பொருள் பணிவிடை செய்தல், வழிபடுதல். இன்றும் தெலுங்கில் ‘கொலுவு’ என்றால் உத்தியோகம், சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை. வேலைக்காரனின் சொல் எப்படி ராஜாவின் சொல்லாயிற்று? அரசன் தன் பணியாளர்கள் புடைசூழ இருப்பதுதான் சபை. பணி செய்ய ஆள் வந்து நின்றால்தான் அங்கே கொலு. வராவிட்டால் வெறும் மண்டபம்.

இது ஒரு சொல்லின் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பழைய ‘ஓலக்கம்’, ‘திருவோலக்கம்’ என்ற சொற்களுக்கும் அரச சபை என்றே பொருள். அதன் கன்னட உறவான ‘ஓலக’த்துக்கு ஊழியம் என்றும் தர்பார் என்றும் இரண்டு பொருளும் உண்டு. வைணவக் கோயில்களில் ‘கருட சேவை’ என்கிறோம். சேவை என்றால் ஊழியம். ஆனால் அங்கே அது பெருமாள் காட்சி தருவது. பாரசீகத்து ‘தர்பா’ரில் ‘தர்’ என்பது வாசல். வாசலில் காத்து நிற்பவனின் நிழல் அந்தச் சொல்லிலும் விழுந்து கிடக்கிறது. இத்தனை மொழிகள் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: கம்பீரம் உட்கார்ந்திருப்பவனின் உடம்பில் இல்லை, நிற்பவர்களின் முதுகு வளைவில் இருக்கிறது.

கொலு தமிழுக்கு வந்த வழியும் அரசியல் வழிதான். ஹம்பியில் மகாநவமி மேடை இன்றும் நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அந்த விழாவைப் பார்த்த போர்ச்சுக்கீசியர் பயஸ் அதை விரிவாக எழுதி வைத்தார். சிற்றரசர்கள் வந்து காணிக்கை வைப்பார்கள், ராஜா பரிவட்டம் கொடுப்பார். விஜயநகரத்திலிருந்து இந்த வழக்கம் நாயக்கர்களுக்கும், பிறகு இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைக்கும் வந்தது. புதுக்கோட்டையில் நவராத்திரிக்குக் கொடுத்த ‘அம்மன் காசு’ நினைவிருக்கலாம். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்து. தமிழ் பேசும் சீமையின் காசில் தெலுங்கு ஏன் என்று கேட்டால், கொலு என்ற சொல் வந்த தடம்தான் பதில்.

1801இல் மருது சகோதரர்களைப் பக்கத்துத் திருப்பத்தூரில் கும்பினிக்காரர்கள் தூக்கிலிட்டார்கள். சிவகங்கை ஜமீன் ஆயிற்று. படை போயிற்று, போர் போயிற்று, கொலு போகவில்லை. நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையைப் பற்றி 1987இல் எழுதிய நூலுக்கு ‘வெற்று மகுடம்’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். அதிகாரம் உருவப்பட்ட பிறகு ராஜ சடங்குகள் மட்டும் மிஞ்சின என்பது அவர் வாதம். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1980இல் பாலித் தீவைப் பற்றி எழுதியபோது இன்னும் ஒரு படி மேலே போனார். அங்கே ஆடம்பரம் அதிகாரத்துக்கான கருவி அல்ல, அதிகாரம்தான் ஆடம்பரத்துக்கு ஊழியம் செய்தது என்றார். இரண்டுமே முக்கியமான பார்வைகள். ஆனால் இருவர் கண்ணும் மேடைப் பக்கமே அதிகம் திரும்பியிருக்கிறது. ‘கொலு’ என்ற சொல் நம்மை மேடைக்குக் கீழே பார்க்கச் சொல்கிறது.

எங்கள் பக்கத்தில் கதை வேறு மாதிரி முடிந்தது. நவராத்திரிப் படிகளில் சாமிகளும் ராஜாக்களும் மேலே இருப்பார்கள். கீழே, அரிசி பருப்புக் கடை விரித்துக்கொண்டு தொந்தியோடு செட்டியார் பொம்மை உட்கார்ந்திருக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்து பொருள் சேர்த்த நகரத்தார் சமூகத்திலிருந்து அண்ணாமலை செட்டியாருக்கு 1929இல் பிரிட்டிஷ் அரசு ‘செட்டிநாட்டு ராஜா’ என்ற பரம்பரைப் பட்டத்தைக் கொடுத்தது. கீழ்ப்படிப் பொம்மை மேல்படிக்கு ஏறிவிட்டது. ஆள நாடு இல்லை. ஆனால் ராஜா உண்டு. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1950இன் அரசியல் சட்டம் பட்டங்களை ஒழித்தது. 1971இல் மன்னர் மானியமும் நின்றது. சட்டம் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நின்றவர்களை உட்கார வைத்ததா?

எங்க ஐயா ஊரில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தவர். அந்த வீட்டின் முகப்பு, பட்டாலை, வளவு எல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கே நிற்கலாம், எதுவரை போகலாம் என்ற கணக்காகத்தான் தெரியும். முதலாளி பட்டாலையில் இருக்க, ஐயா கீழே நின்றே நாற்பது வருஷம் கழிந்தது. கடைசிக் காலத்தில் சொந்த வீட்டிலேயே, யாராவது வந்தால் எழுந்து நின்றுவிடுவார். ‘ஒக்காருங்கய்யா’ என்று அப்பா சத்தம் போடுவார்.

இன்றைய மேடைகளில் தலைவர் உட்கார்ந்திருக்க, பொன்னாடையோடு வரிசை நகர்கிறது. பழைய கொலுவில் துணி மேலிருந்து கீழே வந்தது. இப்போது கீழிருந்து மேலே போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்பத்தா ‘வீற்றிருக்காகளோ’ என்று கேட்கவில்லை, ‘கொலுவிருக்காகளோ’ என்றது. திண்ணையில் கிடந்த பையனுக்கு முன்னால், கையில் விளக்குமாறோடு நின்றது அதுதான். யார் உட்கார, யார் நிற்கிறார்கள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.