பழைய பேட்டரி வண்டிக்குப் புது வலு: எதை மாற்றுவது, எதை விடுவது?



லாரியிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கடைக்கும் சரக்கை நகர்த்தும் செலவு தனியாகக் கணக்கில் வராது. லாபத்தில் மட்டும் குறையும். அதனால்தான் விடுதிகளும் தொழிற்சாலைகளும் கழித்துவிடும் பழைய கோல்ஃப் வண்டிகளை வாங்கி, பின்புறம் தட்டு அமைத்து, வளாகத்துக்குள் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. எங்கள் கிடங்கிலும் அப்படி ஒன்று ஓடுகிறது. சில ஆண்டுகளில் அது மூட்டை ஏற்றியதும் முனகும், சரிவில் நின்றுவிடும். "எல்லாவற்றையும் மாற்றுங்கள், பறக்கும்" என்பார் மெக்கானிக். அப்போது கைக்காசை எங்கே போடுவது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

இவ்வண்டிகளில் பல அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து ஆகஸ்டா வட்டாரத்தில் உள்ள ஈ-இசட்-கோ, கிளப் கார் கம்பெனிகளின் தயாரிப்பு. பழைய மாடல்களில் 6 வோல்ட் பேட்டரி ஆறு வரிசையாக இணைந்து 36 வோல்ட் தரும்.

பழைய வேகக் கட்டுப்பாடு

மிகப் பழைய வண்டிகளில் மிதிக்குக் கீழே படிப்படியான சுவிட்சும், தடித்த கம்பிச் சுருள்களும் இருக்கும். மெதுவாகப் போக வேண்டுமானால் மின்சாரம் சுருள் வழியாகச் சென்று, ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். கணக்கிட்டுப் பார்ப்போம். மோட்டாருக்கு 18 வோல்ட்டில் 100 ஆம்பியர் போகிறது என்றால், மீதி 18 வோல்ட் சுருளில் விழுகிறது. 18 × 100 = 1,800 வாட்! வண்டியை நகர்த்த எவ்வளவு செலவோ, அவ்வளவும் காற்றில் போகிறது. நம் கிடங்கில் வண்டி பெரும்பாலும் மெதுவாகத்தான் போகும் என்பதால் இந்த நட்டம் நமக்கே அதிகம்.

எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் வேறு விதம். மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, சராசரியைக் குறைத்துக் கொடுக்கிறது. மோட்டாருக்கு அதே 18 வோல்ட், 100 ஆம்பியர் கிடைக்கும். பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 50 ஆம்பியர்தான் போகும். வண்டி குலுங்காமல் கிளம்பும். தட்டில் எண்ணெய் டின் அடுக்கியிருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மோட்டார் சீரிஸ் வகையா, தனிச்சுற்று வகையா என்று மோட்டார் தகட்டைப் பார்த்துத் தெளிய வேண்டும். ஒன்றின் கண்ட்ரோலர் மற்றதற்குப் பொருந்தாது. இரண்டாவது, கண்ட்ரோலரோடு மிதிச் சுவிட்ச், சொலினாய்டு, ஃபியூஸ் ஆகியவையும் அதற்கேற்றதாக மாற வேண்டும். கண்ட்ரோலர் மட்டும் புதிது, மற்றவை பழையது என்றால் பணம் போட்டும் பலனில்லை.

முதலில் சோதனை, பிறகு செலவு

எதையும் வாங்குமுன் மீட்டரை எடுங்கள். முழுதும் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால், நல்ல 6 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 6.35 வோல்ட் காட்டும். பிறகு சுமையோடு ஓட்டச் சொல்லி ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். ஐந்து நிலைத்து நிற்க, ஒன்று மட்டும் விழுந்தால் குற்றவாளி அதுதான். ஆனால் பழைய வரிசையில் ஒன்றை மட்டும் புதிதாக வைத்தால், மற்றவை அதையும் இழுத்துவிடும். அந்த ஆறும் ஒரே வயதாக இருப்பது நல்லது.

அடுத்து, முனைகளில் வெள்ளைப் பூச்சு, சூடேறும் கேபிள், தேய்ந்த மோட்டார் கார்பன் ஆகியவற்றைப் பாருங்கள். முனையைச் சுத்தம் செய்து, 35 சதுர மில்லிமீட்டர் அளவு தடித்த செம்புக் கேபிள் போட்டாலே பல வண்டிகள் உயிர் பெறும். இது மிகக் குறைந்த செலவு.

ஈயமா, லித்தியமா?

225 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஆறும் சேர்ந்து 8.1 யூனிட் கொள்ளும். ஆயுள் நீடிக்க அதில் பாதிதான் எடுக்க வேண்டும். கிடைப்பது 4 யூனிட். எடை 170 கிலோவுக்கு அருகில் வரும். 12 செல் கொண்ட 38.4 வோல்ட், 105 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் தொகுப்பு 4 யூனிட் கொள்ளும். 80 சதவீதம் எடுத்தாலும் 3.2 யூனிட் கிடைக்கும். எடை ஏறக்குறைய 40 கிலோ. குறையும் எடை, இரண்டு 50 கிலோ அரிசி மூட்டைக்கு மேல்! டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. விலை அதிகம், ஆயுளும் அதிகம். தினமும் பல நடை ஓட்டுபவருக்கு லித்தியம் கட்டுப்படியாகும். வாரம் சில நடை என்றால் ஈயமே போதும்.

லித்தியத்துக்கு மாறினால் சார்ஜரும் மாற வேண்டும். 12 செல் தொகுப்புக்கு 43.8 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர் வேண்டும். தொகுப்பினுள் உள்ள பாதுகாப்புப் பலகை தாங்கும் ஆம்பியரைக் கேட்டு வாங்குங்கள். கண்ட்ரோலர் 300 ஆம்பியர் கேட்கும். பலகை 100-ல் துண்டிக்கும் என்றால், சுமையோடு சரிவில் ஏறும்போது மின்சாரம் நின்று வண்டி பின்னோக்கி உருளும்.

வேக ஆசை வேண்டாம்

36 வோல்ட்டை 48 ஆக்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பிரேக் அடக்க வேண்டிய சக்தியோ ஏறக்குறைய முக்கால் பங்கு கூடும். பழைய பிரேக்குக்கு இது தாங்காது, மோட்டாரும் சூடேறும். நம் கிடங்கில் குறுகிய சந்துகளில், தோளில் மூட்டையோடு தொழிலாளர்கள் நடமாடுகிறார்கள். அவர்களால் சட்டென்று விலக முடியாது. எனவே வோல்ட்டைக் கூட்டாமல், வேகத்தைக் குறைத்து அமைத்துக்கொள்வதே முறை. இவ்வண்டி மதில் சுவருக்குள் ஓடுவதற்கே. தெருவுக்குப் பதிவு பெற்ற சரக்கு வண்டி தனி.

ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். சாக்கு, தீப்பெட்டி, கற்பூரம், எண்ணெய் இருக்கும் அறையில் சார்ஜ் ஏற்றாதீர்கள். காற்றோட்டமான தனி இடம் வேண்டும். வேலை செய்யும்போது மோதிரம், கடிகாரம் கழற்றிவிட்டு, முதலில் பிரதானக் கேபிளைத் துண்டிக்க வேண்டும்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதற்கு இடம் தரவில்லை. ஈயத்துக்கு விலை உண்டு. புதிது வாங்கும்போது அத்தொகையைப் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் மோட்டார் வகை, கண்ட்ரோலர் ஆம்பியர், பேட்டரிப் பலகை ஆம்பியர், சார்ஜர் வோல்ட், உத்தரவாதக் காலம் ஆகிய ஐந்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். சரக்கு வாங்கும்போது எடையைச் சரிபார்க்கும் நாம், இதிலும் அதே கவனத்தோடு இருந்தால் பழைய வண்டி பல ஆண்டு நமக்கு உழைக்கும்.