மூஸ் மானைக் காக்க மூஸ் வேட்டை: மேய்ன் மாநிலம் போடும் கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டி இருக்கிறது மேய்ன் மாநிலம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் அங்கே அரசே ஒரு குலுக்கல் நடத்துகிறது. பெயர் விழுந்தவருக்கு, அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஒரே ஒரு மூஸ் மானை வேட்டையாட அனுமதிச் சீட்டு கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் எழுபதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். 2024-இல் வழங்கப்பட்டவை 4,105 சீட்டுகள்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பழகிய இந்திய வாசகருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். விலங்கைக் காக்க வேண்டிய துறையே அதைச் சுடச் சீட்டு கொடுக்கிறதே! ஆனால் அந்தச் சீட்டுகளை யாருக்கு, எந்தக் காட்டில், எந்த விலங்குக்குக் கொடுப்பது என்ற முடிவுக்குப் பின்னால் நீண்ட உழைப்பும், அண்மையில் எழுந்த கடினமான கேள்வி ஒன்றும் இருக்கின்றன.

தடையும் மீட்சியும்

மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது மூஸ். வளர்ந்த ஆண் தோள்பட்டை வரை சுமார் இரண்டு மீட்டர் உயரமும் 450 கிலோ அளவிலான எடையும் கொண்டிருக்கும். மேய்ன் மண்ணின் பூர்வகுடிகளான வாபனாகி மக்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக உணவும் தோலும் தந்த விலங்கு. பிற்காலத்தில் கட்டுப்பாடற்ற வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளின. 1935-இல் மாநில அரசு வேட்டையைத் தடை செய்தது.

தடை மட்டுமே மூஸ்களைப் பெருக்கிவிடவில்லை. 1970-களிலும் 80-களிலும் ஒருவகைப் புழு ஊசியிலைக் காடுகளைத் தின்று தீர்த்தது. காகித நிறுவனங்கள் பட்ட மரங்களைப் பெரும்பரப்பில் மொத்தமாக வெட்டின. வெட்டிய இடங்களில் பிர்ச், மேப்பிள் கன்றுகள் தளிர்த்தன. மூஸுக்கு எட்டும் உயரத்தில் இளந்தழை மண்டிக் கிடந்தது. ஓநாய்களோ அதற்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்து அற்றுப்போயிருந்தன. தீனி பெருகி, எதிரி குறைந்ததால் மந்தை பெருகியது. அலாஸ்காவை விட்டால் அமெரிக்காவில் மூஸ் மிகுதியாக வாழும் மாநிலம் இன்று மேய்ன்தான். அவற்றின் எண்ணிக்கை பல்லாயிரம் என்பது மாநில வனவிலங்குத் துறையின் மதிப்பீடு.

1980-இல் 700 சீட்டுகளோடு சோதனையாக வேட்டை திரும்பியது. 1983-இல் அதை நிறுத்தக் கோரிப் பொது வாக்கெடுப்பு நடந்தது. வேட்டை தொடரட்டும் என்றே பெரும்பான்மையினர் வாக்களித்தனர்.

சீட்டில் என்ன இருக்கும்?

மாநிலம் 29 வனவிலங்கு மேலாண்மை மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சீட்டு பெற்றவர் தமக்குக் குறித்த மாவட்டத்தில், குறித்த காலத்தில் மட்டுமே வேட்டையாடலாம். ஆண் மூஸா, கொம்பில்லா மூஸா என்பதும் சீட்டிலேயே இருக்கும். கொம்பில்லாதது என்றால் பெரும்பாலும் பெண் என்று பொருள்.

இந்தப் பிரிவில்தான் மந்தை மேலாண்மையின் சூட்சுமம் இருக்கிறது. ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். ஆகவே ஆண்களில் ஒரு பகுதியை வேட்டைக்கு விட்டாலும் பிறக்கும் கன்றுகளின் எண்ணிக்கை அதிகம் மாறாது. பெண்ணைச் சுட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளின் கன்றுகளும் சேர்ந்தே குறைகின்றன. மந்தை வளர வேண்டிய மாவட்டத்தில் பெண்களுக்கான சீட்டைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்திவிடுவார்கள். சாலை விபத்துகளும் பயிர்ச் சேதமும் மிகுந்த இடத்தில் கூட்டுவார்கள். நெட்டைக் கால்களின் மேல் அத்தனை எடையைச் சுமந்து நிற்கும் மூஸ் மீது கார் மோதினால், அதன் உடல் நேராக முன்கண்ணாடியில் வந்து விழும். அதனால் அங்கே இது மனித உயிர் சம்பந்தப்பட்ட கணக்கும்கூட.

குலுக்கலில் காத்திருப்புக்கும் மதிப்பு உண்டு. விண்ணப்பித்துக் கிடைக்காமல் போகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் புள்ளிகள் சேரும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒன்று, அடுத்த ஐந்துக்கு இரண்டு, அதற்கடுத்த ஐந்துக்கு மூன்று, பதினாறாம் ஆண்டிலிருந்து பத்து. சீட்டு விழுந்ததும் சேர்ந்த புள்ளிகள் கரைந்துபோகும். அப்படியிருந்தும் பல பத்தாண்டுகளாக விண்ணப்பித்துப் பெயர் வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் மனக்குறை நியாயமானது. ஆனாலும் காடு தாங்கும் அளவைத் தாண்டிச் சீட்டு கொடுத்து அதைத் தீர்க்க முடியாது.

எண்ணிக்கை எப்படி முடிவாகிறது?

குளிர்காலத்தில் ஹெலிகாப்டரில் பறந்து, பனியின் மேல் தெரியும் மூஸ்களை எண்ணுகிறார்கள். வேட்டைக்காரர் தாம் வீழ்த்திய விலங்கைப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். அங்கே ஒரு பல்லைப் பிடுங்கி அனுப்புவார்கள். அதை அறுத்து வளையங்களை எண்ணினால் வயது தெரியும். பெண் மூஸ் என்றால் அதன் சினைப்பைகளையும் எடுத்துவரச் சொல்கிறார்கள். அவற்றிலிருந்து மந்தையின் கருவுறும் வளத்தைக் கணிக்கலாம். உடலில் ஒட்டிய உண்ணிகளையும் எண்ணுகிறார்கள். இவ்வளவும் சேர்ந்துதான் அடுத்த ஆண்டுச் சீட்டுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. வேட்டைக்காரர்களே ஆய்வுக்கான தரவையும் கொண்டுவந்து சேர்ப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய பலம்.

கொல்லும் உண்ணி

2014-இலிருந்து ஆய்வாளர்கள் மூஸ்களைப் பிடித்துக் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டித் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். மாநிலத்தின் மூஸ் உயிரியலாளர் லீ கான்டார் தலைமையில் நடந்த இந்தப் பணி காட்டிய எதிரி, குளிர்கால உண்ணி.

இலையுதிர்காலத்தில் இதன் இளம்புழுக்கள் செடிகளின் மேலேறி, ஒன்றோடொன்று கால் பிணைத்துக் கொத்துக் கொத்தாகக் காத்திருக்கும். மூஸ் உரசிச் சென்றால் கொத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு குளிர்காலம் முழுவதும் அதே உடலில் இரத்தம் குடித்து வளரும். அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் கன்றுகளை ஆராய்ந்தபோது, சராசரியாக ஒன்றின் மீது நாற்பதாயிரத்துக்கு மேல் உண்ணிகள் இருந்தன. அரிப்பு தாளாமல் மரத்தில் தேய்த்துத் தேய்த்து முடி உதிர்ந்து வெளிறிப்போன மூஸை அந்த ஊர்க்காரர்கள் பேய் மூஸ் என்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் பெண் உண்ணிகள் முட்டையிடுவதற்காக வயிறு முட்டக் குடிக்கும். தீனி அரிதான அந்த மாதங்களில், பத்து மாதக் கன்று இழந்த இரத்தத்தை மீட்க முடியாமல் சாகிறது. 2021-22 குளிர்காலத்தில், மேய்னின் வடமேற்கில் கழுத்துப்பட்டை மாட்டிய 70 கன்றுகளில் 60 இறந்தன. பிழைக்கும் தாய்களும் மெலிந்து போவதால் இரட்டைக் கன்று ஈனுவது குறைகிறது.

உண்ணிக்குத் துணை நிற்பது வெப்பமடையும் பருவநிலை. முதல் பனி தாமதமானால் இளம்புழுக்களுக்கு மூஸைப் பிடிக்கக் கூடுதல் வாரங்கள் கிடைக்கின்றன. வசந்தத்தில் பனி முன்னதாகவே கரைந்தால், உதிரும் தாய் உண்ணி பனியில் விறைக்காமல் தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது.

குறைத்தால் பிழைக்குமா?

மூஸ்கள் நெருக்கமாக இருந்தால் உண்ணிக்கு உடல்களும் நெருக்கமாகக் கிடைக்கும். அப்படியானால் மந்தையை வேண்டுமென்றே குறைத்தால் உண்ணியும் குறையுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட, 2021-இல் மேய்ன் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நான்காம் மேலாண்மை மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அந்த முதல் ஆண்டில் மட்டும் 550 கொம்பில்லா மூஸ் சீட்டுகளைக் கூடுதலாக வழங்கியது. மறுபாதியை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தது. இரு பாதிகளிலும் கன்றுகளின் சாவையும் தாய்களின் நலத்தையும் ஆய்வாளர்கள் அளந்து வந்தார்கள்.

எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. காட்டில் மூஸைப் பார்க்க வரும் பயணிகளை நம்பிப் பிழைக்கும் வழிகாட்டிகளுக்கு எண்ணிக்கை குறைவது அச்சம் தருகிறது. சாகும் விலங்கையே மேலும் சுடுவதா என்று கேட்பவர்களின் கேள்வியிலும் அறம் இருக்கிறது. ஆனால் கோடை பிறப்பதற்குள் கன்றுகள் வாரக்கணக்கில் இரத்தம் வற்றிச் சாவதை, இயற்கையின் போக்கு என்று விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். அந்த முடிவுக்கும் நாமே பொறுப்பு. பனியின் வருகையைத் தள்ளிப்போட்டது மனிதர் எரித்த எரிபொருள்தானே.

அதனால் இந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். இது ஓர் ஊகத்தை வெளிப்படையாகச் சொல்லி, ஒப்பீட்டுக்கு ஒரு பகுதியை ஒதுக்கி, தவறென்றால் தவறென்று தெரியும்படி சோதிக்கிறது. மேய்னுக்கு வெளியேயும் வனவிலங்கு மேலாண்மை கற்க வேண்டிய ஒழுங்கு அது. எத்தனை மூஸ்கள் இருக்கின்றன என்பதைவிட, அவற்றில் எத்தனை கன்றுகள் முதல் குளிர்காலத்தைக் கடக்கின்றன என்பதே மந்தையின் நலத்துக்கு உரிய அளவுகோல். சீட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த அளவுகோலுக்கு உட்பட்டே நடக்க வேண்டும். பருவநிலையைச் சீராக்கும் வேலையை எந்த வேட்டைச் சீட்டும் செய்யாது. அதற்கான கடமை மேய்ன் வேட்டைக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல.