கோணல் சுவருக்கு ஏற்ற அலமாரி

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் முந்நூறு ஆண்டு பழைய கல்வீடு ஒன்றின் அடுக்களையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் சுவர் நூலோடு ஒட்டி வராது. மேலே தொட்டால் கீழே இரண்டு விரற்கடை விலகி நிற்கும். தரையில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவுக்கு வராது. அஸ்திவாரம் மெல்ல அமர்ந்து, உத்தரம் பாரம் தாங்கி வளைந்து, வீடு தனக்கென ஒரு சாய்வைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இந்த அறைக்குள் குளிர்பதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் இயந்திரம், மின்னடுப்பு எல்லாம் வர வேண்டும். கடையில் செய்து வைத்திருக்கும் அலமாரி இங்கே உதவாது. ஒவ்வொன்றையும் அந்த இடத்துக்கென்றே அளவெடுத்துச் செய்கிறார்கள். அது அங்கே தனியொரு கைத்தொழிலாக வளர்ந்திருக்கிறது.

வரிசையாக அலமாரி பதித்த இன்றைய சமையலறையின் மூதாதை 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தது. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் புதிய குடியிருப்புகளுக்காக அதை வரைந்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. சமைப்பவரின் நடையையும் நேரத்தையும் மிச்சப்படுத்திய அரிய வேலை. ஆனால் அதற்கு நேரான சுவரும் சமமான தரையும் வேண்டும். ஐரோப்பாவின் அடுப்புகளும் கழுவும் இயந்திரங்களும் இன்று பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலக் கணக்கில் வருகின்றன. அந்தக் கணக்கு பிறப்பதற்கு முன்பே எழுந்த சுவர்கள் அதற்குள் அடங்குவதில்லை.

பெரிய மாளிகைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் அடுக்களைகள் வீட்டுக்காரர்கள் புழங்குவதற்காகக் கட்டப்பட்டவையே அல்ல. தீ, புகை, வாடை மூன்றும் தள்ளியே இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். மேற்கு சஸ்ஸெக்ஸிலுள்ள பெட்வொர்த் மாளிகையில் சமையற்கட்டு தனிக் கட்டடத்தில் இருந்தது. அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாகத்தான் உணவு மாளிகைக்கு வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு வேலையாட்கள் குறைந்தார்கள். இன்று குடும்பம் முழுவதும் சமையலறையிலேயே உண்டு, பேசி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. ஆகவே வடிவமைப்பாளர் முன் வரும் முதல் கேள்வி, எந்த அறையைச் சமையலறையாக்குவது என்பதுதான்.

முடிந்தால் பழைய அடுக்களைக்கே திரும்புவதுதான் சரி என்பது என் எண்ணம். கழிவுநீர்ப் பாதையும் புகைபோக்கியும் கல்தரையும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. அழகிய பழைய அடுக்களைகளும் உண்டு. புது தில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், டெவன் மாவட்டத்தில் டிரோகோ கோட்டையைக் கட்டினார். 1911-இல் தொடங்கி 1930-இல் முடிந்த வேலை. அதன் சமையலறையில் கூரை உச்சியிலுள்ள வட்டமான கண்ணாடிக் கூடு வழியாக வெளிச்சம் இறங்குகிறது. அதற்கு நேர் கீழே, அதே வட்டத்தில், லட்யன்ஸே வரைந்து கொடுத்த மேசை. ஒளி எங்கே விழுகிறதோ அங்கேதான் கத்தி வேலை நடக்கும் என்று அவர் அறிந்திருந்தார். இன்று பழைய வீட்டில் வேலை செய்பவர்களும் முதல் நாள் வெளிச்சத்தைத்தான் கவனிக்கிறார்கள்.

அடுத்தது சட்டம். இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏறத்தாழ நான்கு லட்சம் பதிவுகள் இருக்கின்றன. 1700-க்கு முன் கட்டப்பட்டு, பெருமளவு பழைய வடிவிலேயே நிற்பவை ஏறக்குறைய எல்லாமே அதில் அடக்கம். பாதுகாப்பு முகப்புக்கு மட்டுமல்ல, உள்ளறைகளுக்கும் சேர்த்துத்தான். வீட்டின் சிறப்பைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புதிதாகச் செய்வதைப் பின்னொரு நாளில் கழற்றி எடுத்தால் பழையது சேதமில்லாமல் நிற்குமா என்பதை அதிகாரிகள் முக்கியமாகப் பார்ப்பார்கள். நல்ல கைவினைஞர் சட்டம் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டுக்கொள்வார்.

எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை ஈரம். நவீன வீட்டுச் சுவர் நீரைத் தடுக்கிறது. பழைய சுவர் அப்படியல்ல; நீரை உறிஞ்சி, வெயிலிலும் காற்றிலும் திரும்ப விட்டுவிடுகிறது. கல்லை இணைக்கும் சாந்தும் மேல்பூச்சும் சுண்ணாம்பு. நுண்துளைகள் நிறைந்த அந்தச் சுண்ணாம்பு வழியாகத்தான் ஈரம் வெளியேறுகிறது. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைபடும். உள்ளே சிக்கிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு கல்லின் முகத்தை உதிர்க்கும். சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனை மட்கிப்போகும். இங்கிலாந்தின் குளிரில் அந்த நீர் உறைந்து விரியும்போது கல்லே பிளக்கும்.

சமையலறையோ நாள் முழுவதும் நீராவியைக் கிளப்பும் இடம். குளிர்ந்த கல்சுவரில் பட்டதும் ஆவி நீர்த்துளியாகிவிடும். அலமாரியைச் சுவரோடு அழுத்திப் பொருத்தினால் அதன் முதுகில் பூஞ்சை படர்வது உறுதி. ஆகவே அலமாரிக்குக் கால் வைத்துத் தரையிலிருந்து தூக்குகிறார்கள்; பின்னால் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுகிறார்கள். ஆவியை இழுக்கும் விசிறிக்காக முகப்புச் சுவரில் துளை போடாமல், பயன்படாத பழைய புகைபோக்கிக்குள் குழாயை இறக்கி வெளியே விடுகிறார்கள்.

தரையிலும் இதே கதைதான். கற்பலகைகளைப் பெயர்த்து, நெகிழித் தாள் விரித்து, கான்கிரீட் போட்டு மூடினால் மண்ணின் ஈரம் பக்கவாட்டில் ஓடிச் சுவர் ஏறும். விவரம் தெரிந்தவர்கள் கற்பலகைக்கு எண் எழுதி எடுத்துவைத்து, நுரைக்கண்ணாடிச் சல்லியைப் பரப்பி, அதன்மேல் சுண்ணாம்புக் கலவை இட்டு, தரையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களை அதில் புதைத்து, எண் வரிசைப்படி கற்களைத் திரும்பப் பதிக்கிறார்கள்.

இனி தச்சரின் முறை. அலமாரியின் ஓரப்பலகையைத் தேவைக்கு மேல் சற்று அகலமாகவே விடுகிறார். அலமாரியை ரசமட்டத்துக்குச் சரியாக நிறுத்திவிட்டு, கவராயத்தின் ஒரு காலைச் சுவரில் ஓட்டுகிறார். மறுகாலிலுள்ள பென்சில் சுவரின் மேடுபள்ளத்தை அப்படியே பலகையில் வரைகிறது. அந்தக் கோட்டோடு அறுத்து இழைத்தால் பலகை சுவரின் நெளிவில் போய் அமரும். சுவரில் ஒரு பொருக்குகூட உதிர்வதில்லை. நேராக்க வேண்டியது சுவரை அல்ல, வளைந்துகொடுக்க வேண்டியது மரம்தான் என்ற இந்தப் பணிவுதான் இத்தொழிலின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

மரமும் பருவத்துக்குப் பருவம் ஈரம் குடித்து அகலும், உலர்ந்து சுருங்கும். அதனால் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் பசையின்றிச் செருகுகிறார்கள். அசைய இடமிருப்பதால் அது வெடிப்பதில்லை.

இந்த வீடுகளில் அடிக்கடி காணப்படும் அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகா என்று பெயர். இங்கிலாந்துக் கிராமத்து வீட்டின் அடையாளமாகிவிட்ட அது பிறந்தது ஸ்வீடனில். கலங்கரை விளக்குகளுக்கான தானியங்கிக் கருவிக்காக 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற குஸ்டாஃப் டாலேன், அதே ஆண்டு ஒரு வெடிவிபத்தில் பார்வையை இழந்தார். வீட்டிலிருந்த காலத்தில் சமையல் வேலை எவ்வளவு கடினமானது என்று உணர்ந்து, 1922-இல் இந்த அடுப்பை உருவாக்கினார். உள்ளே சிறு நெருப்பு ஓயாமல் எரியும். கனத்த வார்ப்பிரும்பு அந்த வெப்பத்தைச் சேமித்து வைத்துச் சீராக வெளிவிடும். மூடியைத் தூக்கினால் சமைக்கத் தயார். குளிர்ந்த கல்வீட்டுக்கு அதுவே கணப்பும் ஆயிற்று. 1929-இல் பிரிட்டனுக்கு வந்த ஆகா, இன்று மின்சாரத்தில் ஓடி, வேண்டாதபோது அணைந்துகொள்ளும் வடிவிலும் கிடைக்கிறது. பல நூறு கிலோ எடை என்பதால் தரையின் வலுவைப் பார்த்த பிறகே இடம் குறிப்பார்கள்.

கடைசி வேலை அலமாரியைச் சுவரோடு பிணைப்பது. பெரிய மேசை, நிலைப்பேழை போன்றவை தம் கால்களிலேயே நிற்கும். அவற்றுக்குத் திருகாணியே தேவையில்லை. தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் துளை போடுவார்கள். அதுவும் கல்லில் அல்ல, இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள சுண்ணாம்புச் சாந்தில். சாந்தை எப்போது வேண்டுமானாலும் புதிதாக வைத்து அடைத்துவிடலாம்.