செகண்ட் ஹேண்ட் ஆசிலோஸ்கோப் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

இஎஸ்பி32 போர்டை வைத்து வீட்டில் ஒரு ப்ராஜெக்ட் செய்கிறீர்கள். கோடு சரி, வயரிங் சரி. ஆனால், வைஃபை ஆன் ஆகும்போதெல்லாம் போர்டு தானாக ரீசெட் ஆகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 3.3 வோல்ட் என்று சமர்த்தாகக் காட்டுகிறது. அப்படின்னா பிரச்னை எங்கே?

வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் போர்டு திடீரென அதிக மின்னோட்டத்தை இழுக்கும். பவர் சப்ளை ஈடுகொடுக்காவிட்டால், மின்னழுத்தம் கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்தில் சரிந்து, மறுபடி மேலே வந்துவிடும். அதற்குள் சிப் ரீசெட் ஆகியிருக்கும். நொடிக்குச் சில முறை மட்டும் அளந்து ஒரு எண்ணைக் காட்டும் மல்டிமீட்டருக்கு இந்தச் சரிவு தெரியாது. நேரத்துக்கு நேரம் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்புக்குத்தான் தெரியும்.

அதனால்தான் எலெக்ட்ரானிக்ஸில் ஓரளவு முன்னேறிய எல்லோருக்கும் 'ஒரு ஸ்கோப் வாங்கணும்' என்ற ஆசை வரும். புதுசின் விலையைப் பார்த்ததும் மனசு செகண்ட் ஹேண்ட் பக்கம் போகும். தப்பில்லை. ஆனால் பழைய ஸ்கோப்பில் ஒரு ஆபத்து உண்டு. ஆன் ஆகும், பச்சைக் கோடும் வரும், ஆனால் காட்டும் அலை பொய்யாக இருக்கலாம். அதை நம்பி நல்ல ஐசியைக் கழற்றி எறிவீர்கள், சரியான டிசைனை மாற்றுவீர்கள். பொய் சொல்லும் ஸ்கோப்பை விட ஸ்கோப் இல்லாமல் இருப்பதே மேல்.

எனவே பழைய ஸ்கோப்பிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் அளக்கப்போகும் விஷயத்தில் இது உண்மையைச் சொல்லுமா?

முதலில், எதை அளக்கப் போறீங்க?

ஸ்கோப்பின் முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் எண், அதன் பேண்ட்வித். 20, 60, 100 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். '100 மெகாஹெர்ட்ஸ்' என்றால் 100 மெகாஹெர்ட்ஸ் வரை துல்லியமாகக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த அதிர்வெண்ணில் அலையின் உயரம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். அதுதான் பேண்ட்வித்தின் வரையறையே.

டிஜிட்டல் சிக்னல்களில் இன்னொரு சிக்கல். சதுர அலை என்பது ஒரே ஒரு அதிர்வெண் அல்ல. 8 மெகாஹெர்ட்ஸ் சதுர அலைக்குள் 24, 40, 56 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் ஒளிந்திருக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் அதைப் பார்த்தால் மூலைகள் மழுங்கி, கிட்டத்தட்ட சைன் அலை மாதிரி தெரியும். சிக்னலில் குறையில்லை, பார்க்கும் கண்ணாடியில்தான் குறை. அதனால், அளக்க நினைக்கும் சதுர அலையின் அதிர்வெண்ணைப் போல 5 மடங்கு பேண்ட்வித் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

* ஆடியோ, ஆம்ப்ளிஃபயர்: மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் தாராளம்.
* ஆர்டுயினோ, சென்சார்கள், ஐ2சி, சீரியல் போர்ட்: ஐ2சி வழக்கமாக 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும். 50 மெகாஹெர்ட்ஸ் போதும்.
* வேகமான எஸ்பிஐ, மைக்ரோகன்ட்ரோலர் க்ளாக்: 100 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் நிம்மதி.

அளக்கப் போறது ஆம்ப்ளிஃபயர் மட்டும் என்றால், 200 மெகாஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

டிஜிட்டல் ஸ்கோப்பில் ஒளிந்திருக்கும் இரண்டு எண்கள்

விளம்பரத்தில் பேண்ட்வித் மட்டும் இருக்கும். நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியவை சாம்பிள் ரேட், மெமரி.

நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது சாம்பிள் ரேட். பல ஸ்கோப்களில் சேனல்கள் இதைப் பங்கு போட்டுக்கொள்ளும். மாணவர்களிடையே பிரபலமான ரிகோல் டிஎஸ்1054இசட் மாடலில், ஒரு சேனல் மட்டும் ஆன் செய்தால் நொடிக்கு 100 கோடி சாம்பிள். இரண்டு ஆன் செய்தால் 50 கோடி. நான்கையும் ஆன் செய்தால் 25 கோடிதான்.

மெமரி என்பது ஒரே மூச்சில் எத்தனை புள்ளிகளைப் பிடித்து வைக்கும் என்பது. பழைய மாடல்கள் கோட்டை விடுவது இங்கேதான். 1990களின் இறுதியில் வந்த டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 210 இன்றும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். பேண்ட்வித் 60 மெகாஹெர்ட்ஸ், சாம்பிள் ரேட் 100 கோடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மெமரி 2,500 புள்ளிகள்தான்.

ஒரு கணக்கு போடலாம். 100 மில்லி செகண்ட் நீளமுள்ள சீரியல் டேட்டாவை மொத்தமாகப் பிடிக்க நினைக்கிறீர்கள். 2,500 புள்ளிகளில் அது அடங்க வேண்டும் என்றால், 40 மைக்ரோ செகண்டுக்கு ஒரு சாம்பிள்தான் எடுக்க முடியும். 115200 வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் சுமார் 8.7 மைக்ரோ செகண்ட். இரண்டு சாம்பிளுக்கு நடுவே நான்கு பிட்டுகளுக்கு மேல் காணாமல் போய்விடும். திரையில் வருவது டேட்டா அல்ல, குப்பை.

டிஎஸ்1054இசட்டில் 1.2 கோடி புள்ளிகள் மெமரி உண்டு. அதில் இந்தப் பிரச்னை வராது. ஆடியோ மட்டும் பார்ப்பவருக்கு டிடிஎஸ் 210 அருமையான கருவி. மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் இருப்பவர் யோசிக்க வேண்டும்.

அனலாக் ஸ்கோப் இன்னும் வேலைக்கு ஆகுமா?

ஆகும். பழைய டிவி போல பிக்சர் டியூப் வைத்த அனலாக் ஸ்கோப்பில் சிக்னல் அப்படியே கோடாக மாறுகிறது. குமிழைத் திருப்பிய மறுகணமே மாற்றம் தெரியும். அடிப்படை கற்க இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

ஆனால் ஒரு முறை வந்து மறையும் சிக்னலை இது பிடித்து வைக்காது. தொடக்கத்தில் சொன்ன வைஃபை சரிவு மாதிரி விஷயங்களுக்கு டிஜிட்டல்தான் வழி. அதோடு, டெக்ட்ரானிக்ஸ் 465 போன்ற 1970களின் மாடல்கள் பத்து கிலோ எடை இருக்கும். சிறிய வாடகை வீட்டில் மேஜை முழுக்க அதுதான் இருக்கும்.

பழைய டிஜிட்டலுக்கும் வயசுக் கோளாறுகள் உண்டு. டெக்ட்ரானிக்ஸின் டிடிஎஸ் 500, 700 வரிசையின் ஆரம்பகால மாடல்களில் கெப்பாசிட்டர்கள் கசிந்து போர்டை அரிப்பது பரவலாகத் தெரிந்த கோளாறு. வேறு சிலவற்றில் டிஸ்ப்ளேயின் பின் விளக்கு மங்கியிருக்கும். சோல்டரிங்கில் கை பழகாதவர்கள் இத்தகைய பீஸைத் தவிர்ப்பது நல்லது.

கடையிலேயே செய்ய வேண்டிய டெஸ்ட்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையானாலும், ஆன்லைனில் பார்த்துப் போன வீடானாலும் ஆன் செய்து காட்ட மறுத்தால் கிளம்பிடுங்க. கையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டர், 8 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை வரும்படி ப்ரோக்ராம் செய்த ஆர்டுயினோ ஊனோ, வேலை செய்யும் ஒரு ப்ரோப் இருந்தால் போதும்.

1. பின்பக்கம் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஸ்கோப்பில் வோல்டேஜ் செலக்டர் 115-ல் இருக்கலாம். அப்படியே நம் 230 வோல்டில் செருகினால் அன்றோடு கதை முடிந்தது.

2. 20 நிமிடம் ஓட விடுங்கள். சூடானபின் தலைகாட்டும் கோளாறுகள் நிறைய. டிஜிட்டல் என்றால், சூடானதும் ப்ரோபைக் கழற்றிவிட்டு, மெனுவில் உள்ள செல்ஃப் கேலிப்ரேஷனை ஓட்டுங்கள். ஃபெயில் என்று வந்தால் வேண்டாம்.

3. ப்ரோபை ஸ்கோப்பின் முகப்பில் உள்ள டெஸ்ட் முனையில் மாட்டுங்கள். பெரும்பாலான ஸ்கோப்களில் அங்கே சுமார் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வரும். எல்லாச் சேனலிலும் பாருங்கள். வோல்ட் குமிழை ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள். ஒரு டிவிஷனுக்கு 1 வோல்டிலிருந்து 2 வோல்டுக்கு மாற்றினால் அலையின் உயரம் சரியாகப் பாதியாக வேண்டும். ஏதாவது ஒரு படியில் மட்டும் கணக்கு உதைத்தால், உள்ளே அட்டென்யுவேட்டர் போயிருக்கலாம். சரிசெய்வது எளிதல்ல.

4. பேட்டரியை அளந்து மல்டிமீட்டருடன் ஒப்பிடுங்கள். 3 சதவீத வித்தியாசம் சகஜம். வழக்கமான டிஜிட்டல் ஸ்கோப் 8 பிட், அதாவது மொத்த உயரமே 256 படிகள்தான். வோல்ட்மீட்டர் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது.

5. ட்ரிகர் பாருங்கள். அலை ஓடாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். லெவல் குமிழை அலையின் உச்சிக்கு மேலே கொண்டுபோனால் அந்தப் பிடி விட வேண்டும்.

6. ஆர்டுயினோவின் 8 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பாருங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் சதுரமாகத் தெரிய வேண்டும். சைன் அலை மாதிரி வந்தால் 'பேண்ட்வித் லிமிட்' ஆன் ஆகியிருக்கிறதா, ப்ரோப் 1எக்ஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஸ்கோப்பில்தான் கோளாறு.

அனலாக் ஸ்கோப்பில் கோடு லேசாகச் சாய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். பூமியின் காந்தப்புலத்தால் அப்படி ஆகும். பெரும்பாலானவற்றில் சரிசெய்ய முகப்பிலேயே ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. ஆனால் திரையில் கருகிய தழும்பு இருந்தால், அந்த டியூப் நிறைய உழைத்துவிட்டது என்று அர்த்தம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. சில டிஜிட்டல் மாடல்களில் சாஃப்ட்வேர் மூலம் பேண்ட்வித்தைக் கூட்ட முடியும். 50 மெகாஹெர்ட்ஸ் பீஸ், 100 என்று விலைக்கு வரலாம். உடம்பில் அச்சிட்ட மாடல் எண்ணும், மெனுவில் காட்டும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

ப்ரோப்பை மறந்துடாதீங்க

பழைய ஸ்கோப்புடன் பெரும்பாலும் ப்ரோப் வராது, வந்தாலும் கிளிப் உடைந்திருக்கும். அந்தச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். சாதாரண ப்ரோப்பை 1எக்ஸில் வைத்தால் அதன் பேண்ட்வித் சுமார் 6 மெகாஹெர்ட்ஸ்தான். ஸ்கோப் 100 மெகாஹெர்ட்ஸ் என்றாலும் பயனில்லை. பெரும்பாலான வேலைகளுக்கு 10எக்ஸ்தான் சரி. புது ப்ரோப்பை மாட்டியதும், சதுர அலையின் மேல்பகுதி தட்டையாகும் வரை அதிலுள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

எர்த் பின்: இதில் விளையாட்டு வேண்டாம்

ப்ரோப்பில் தொங்கும் முதலைவாய் கிளிப், ஸ்கோப்பின் உலோக உடம்பு வழியாக உங்கள் வீட்டு எர்த்துடன் நேரடியாக இணைந்திருக்கிறது. எல்இடி பல்பின் டிரைவர், மொபைல் சார்ஜரின் உள்ளே இருக்கும் 230 வோல்ட் பகுதி ஆகியவற்றில் அந்தக் கிளிப்பை மாட்டினால் நேரடி ஷார்ட் சர்க்யூட். ப்ரோப், ஸ்கோப், சார்ஜர் மூன்றும் போகலாம்.

இதைத் தவிர்க்கச் சிலர் ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடுவார்கள், அல்லது இரண்டு பின் கார்டு மாட்டுவார்கள். இது உயிரோடு விளையாடும் வேலை. எர்த் இல்லாத நிலையில் கிளிப்பை லைவ் பகுதியில் மாட்டினால், ஸ்கோப்பின் மொத்த உலோக உடம்பும் லைவ் ஆகிவிடும். நீங்கள் தொடும் பிஎன்சி முனையும் சேர்த்துத்தான். 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கும்போது எர்த் பின் வெட்டப்பட்டிருந்தால், முன்பு அதை என்ன பாடு படுத்தினார்களோ என்று சந்தேகப்படுங்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால், புது மூன்று பின் கார்டு மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள். வீட்டில் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மெயின்ஸ் பகுதியை அளந்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென டிஃபரென்ஷியல் ப்ரோப் இருக்கிறது. ஆரம்பகட்டத்தில் இருப்பவர்கள் பேட்டரி, யுஎஸ்பி சப்ளையில் ஓடும் சர்க்யூட்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விலை நியாயமா என்று எப்படி முடிவு செய்வது?

அதே பேண்ட்வித், அதே சேனல் எண்ணிக்கை உள்ள புது ஸ்கோப்பின் இன்றைய விலையை ஜிஎஸ்டியோடு பார்த்துக்கொள்ளுங்கள். பழையதற்கு ஸ்கோப் விலை, ப்ரோப் செலவு, கொண்டுவரும் செலவு மூன்றையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசே மேல். அதில் வாரன்டி இருக்கிறது, மெமரியும் அதிகம்.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தால் சுங்க வரி சேரும். வழியில் உடைந்தால் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையை நெருங்கும். பட்ஜெட் ரொம்பக் குறைவு என்றால் டிஎஸ்ஓ138 மாதிரி கிட் இருக்கிறது. ஆனால் அதன் பேண்ட்வித் 200 கிலோஹெர்ட்ஸ்தான். ஆடியோவுக்கும் கற்றுக்கொள்வதற்கும் சரி, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கடைசியாக, யாருக்கு எது?

* ஆடியோ, அடிப்படை கற்றல்: நன்றாக ஓடும் 20 மெகாஹெர்ட்ஸ் இரண்டு சேனல் அனலாக்.
* மைக்ரோகன்ட்ரோலர், ஐஓடி: 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டல், லட்சக்கணக்கில் மெமரி புள்ளிகள்.
* டிஜிட்டல் டேட்டாவைப் படிப்பது மட்டுமே வேலை: ஸ்கோப்பே வேண்டாம். அதைவிட மலிவான லாஜிக் அனலைசர் போதும்.

'நல்லா ஓடுது சார்' என்று விற்பவர் சொல்வது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். அவர் பார்த்தது ஆன் ஆகிறதா என்பதை மட்டும். சரியாக அளக்கிறதா என்பதை ஒரு பேட்டரியும் அரை மணி நேரமும் செலவழித்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.