கண்ட காட்சியும் காணா நிகழ்வும்

1989 செப்டெம்பர் 21ஆம் நாள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம, பணி முடித்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அகவை 35. அவர் வாழ்வை எடுத்துரைக்கும் 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' என்னும் ஆவணப்படம், எலென் குளோடாவ்ஸ்கியின் இயக்கத்தில், கனடாத் தேசியத் திரைப்பட வாரியத்தால் 2005இல் வெளியாயிற்று. உற்றார் உறவினரின் நேர்காணல்களோடு நடித்துக் காட்டிய காட்சிகளும் அதில் உண்டு. அக்காட்சிகளில் ரஜனியாகத் தோன்றுபவர் அவருடைய இளைய மகள் சரிகா.

இதனை ஆவணம் என்பதா, புனைவு என்பதா? திரைக்கலை பயில்வோர் இவ்வினாவை இயக்குநரின் நோக்கத்தைக் கொண்டும் படப்பிடிப்பு முறையைக் கொண்டும் ஆராய்வர். உளவியலோ, படம் முடிந்து நாள்கள் பல சென்றபின் பார்த்தவர் உள்ளத்தில் எஞ்சுவது யாது என்று வினவுகிறது. காட்சி நெடுநாள் நிலைக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்ற அறிவு விரைவில் தேய்கிறது. இதுவே அதன் விடை.

'இது நேரில் கண்டது', 'இது பிறர் சொன்னது' என்ற முத்திரையோடு எந்த நினைவும் மூளையில் தங்குவதில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்சியா ஜான்சனும் உடனாய்ந்தோரும் 1993இல் விரித்துரைத்த கொள்கையின்படி, நினைவு எழும் ஒவ்வொரு முறையும் அதன் ஊற்றை மூளை ஊகித்தே அறிகிறது. நிறமும் ஒலியும் இடமும் பொழுதும் செறிந்த நினைவை நேரிற் பெற்றதாகவும், அவை குன்றிய நினைவைக் கற்பனையாகவும் கொள்ள அது முனைகிறது. திரைப்படமோ இவ்வடையாளங்களை நிறைவாகவே வழங்கும் கலை. ஆகவே நடித்த காட்சியும் நடந்த நிகழ்வும் காலப்போக்கில் ஒரே வரிசையில் அமர்ந்துவிடக் கூடும்.

1992 அக்டோபர் 4ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் சரக்கு வானூர்தி ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பின்மீது வீழ்ந்தது. மோதிய கணத்தைக் காட்டும் படம் எதுவும் இல்லை. தொலைக்காட்சியில் வந்தவை பின்னர் எழுந்த தீயும் இடிபாடுமே. மாதங்கள் சில கழிந்தபின் குரோம்பாக் என்னும் ஆய்வாளரும் குழுவினரும், மோதும் காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டீர்களா என்று மக்களிடம் கேட்டனர். 100க்கு 55 பேர் கண்டதாக விடையளித்தனர். மோதியபின் எவ்வளவு நேரத்தில் தீப்பற்றியது என்றுகூடச் சிலர் விளக்கினர். கேட்ட செய்தியும் கண்ட இடிபாடும் கலந்து, எடுக்கப்படாத ஒரு படத்தை அவர்கள் உள்ளத்தில் ஆக்கிவிட்டன.

2009இல் வெளிவந்த ஆய்வொன்று நமக்கு இன்னும் நெருங்கியது. ஆண்ட்ரூ பட்லர் குழுவினர் மாணவருக்கு வரலாற்றுக் கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்து, அதே வரலாற்றைச் சொல்லும் கதைப்படப் பகுதிகளையும் காட்டினர். படம் கட்டுரையோடு ஒத்த இடங்களில் நினைவு வலுத்தது. முரண்பட்ட இடங்களிலோ, பலர் படத்தின் பிழையையே கட்டுரையின் செய்தியாக எழுதினர். படங்களிற் பிழை இருக்கலாம் என்ற பொதுவான எச்சரிக்கை பயன் தரவில்லை. இன்ன இடத்தில் இன்னது பிழை என்று குறித்துச் சொன்னபோதுதான் தடுமாற்றம் குறைந்தது.

படத்தின் தொடக்கத்தில் 'உண்மை நிகழ்வுகளைத் தழுவியது' என்று ஒருவரி போட்டுவிடுவது ஏன் போதாது என்பது இதனால் விளங்கும். 1922இல் பிளாகர்ட்டி இனூயிட் மக்களைப் பற்றி எடுத்த 'நானூக் ஆஃப் தி நார்த்' ஆவணப்பட வரலாற்றின் முன்னோடி. பனிவீட்டினுள் ஒளி போதாமையால் ஒருபக்கம் திறந்த வீட்டைக் கட்டி, அதனுள் குடும்பம் உறங்கி எழுவதாகப் படமாக்கினர். நானூக்காகத் தோன்றியவரின் இயற்பெயர் அல்லக்கரியல்லக். துப்பாக்கி பழகிவிட்ட அம்மக்களை ஈட்டியோடு வேட்டையாடச் செய்தனர். திரையில் இவற்றைக் காட்டிக்கொடுக்கும் குறி எதுவும் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நடித்துக் காட்டல் பெரும்பாலும் தேவையால் வருவது. 1981இல் பொதுநூலகம் எரிந்தபோது ஈடற்ற சுவடிகளும் நூல்களும் அழிந்தன. 1990 முதல் போரினால் மின்சாரமின்றி, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களின் அன்றாட வாழ்வைப் பதிந்த படச்சுருள்கள் அரியவை. சான்று இல்லாத இடத்தை நடிப்பு நிரப்புகிறது. நிரப்பியது நடிப்பு என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். ரஜனியைப் பற்றிய படத்தில் மகள் தாயாக நடிக்கையில், அவ்வுறவை அறிந்த பார்வையாளருக்கு ஒவ்வொரு காட்சியும் தன்னை நடிப்பென்றே அறிவித்து நிற்கிறது. உளவியலாளர் வேண்டும் குறித்த எச்சரிக்கை இங்கே முகமாகவே அமைந்துவிட்டது.

எதிர்த்திசையில் நிற்பது, 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற 'தீபன்'. அது முழுக் கதைப்படம். எனினும் நாயகனாக நடித்த அல்லைப்பிட்டி எழுத்தாளர் ஷோபாசக்தி, இளமையில் ஆயுதப் போராட்ட இயக்கத்தில் இருந்து பின்னர் பிரான்சில் தஞ்சம் புகுந்தவர்; கதைமாந்தனும் அவ்வாறே. நடிகரின் வாழ்வை அறிந்தவர், கதையின் கற்பனைப் பகுதிகளையும் அவர் வரலாற்றில் ஏற்றிவிட வாய்ப்புண்டு. மெய்யின் சாயல் புனைவுக்குச் சான்றாகிவிடும் இடம் இது.

கைப்பேசியிலேயே படமெடுக்கும் இன்றைய தலைமுறை, போர்க்கால நினைவுகளை முதியோரிடம் கேட்டு நடித்துக் காட்ட முற்படுவது வரவேற்கத்தக்கதே. நிறவேறுபாடோ, சொல்பவரின் குரலோ, ஒரே பாத்திரத்தை இருவர் ஏற்பதோ, எதுவாயினும் அடையாளம் அந்தந்தக் காட்சிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். சான்றில்லா நிகழ்வை நடித்துக் காட்டலாம். சான்று இருந்ததுபோற் காட்டுதல் ஆகாது.