காளியின் காலம் முடிந்தது, கோவிவன் வேண்டும்

கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டம் ஆதக்கூரில், பத்தாம் நூற்றாண்டில் காளி என்ற வேட்டை நாய்க்குக் கல் நாட்டினார்கள். பெரிய காட்டுப்பன்றியைக் கொன்று தானும் மாண்ட நாய் அது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் இன்னும் பழைய நடுகல் ஒன்று உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு நின்று, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்ற நாயை அது பெயர் சொல்லிப் போற்றுகிறது. இவ்விரு ஊர்களுக்கும் நடுவே கிடக்கிறது ஓசூர், கிருஷ்ணகிரிச் சீமை. வேட்டை, காவல் என்ற இரண்டு வேலைக்கும் இங்கே நாய் வளர்த்தார்கள்.

அன்று வேட்டைக்குப் பழக்குவது எளிய முறைதான். குட்டியைத் தேர்ந்த நாயோடு சேர்த்து விடுவார்கள். பெரியது பிடித்த மோப்பத்தைச் சின்னதும் பிடிக்கும். பேர் சொன்னால் ஓடி வருவது முதல் பாடம். சீழ்க்கைக்கு நிற்பது அடுத்தது. ஆட்டுக்குட்டியைத் தூக்கும் குள்ளநரியைத் துரத்துவது பட்டிக்காரருக்குப் பிழைப்பின் தேவையாக இருந்தது.

எழுபதுகளில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. மேய்ச்சல் நிலம் ஆலையாகவும் மனையாகவும் மாறியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டு விலங்கை நாய் விட்டு விரட்டுவதும் வேட்டைதான். 2022இல் வந்த திருத்தம் குள்ளநரியை முதல் அட்டவணையிலேயே சேர்த்துவிட்டது. இதே சீமையில் 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் அமைந்தது.

இன்று அதே மோப்பம் வேட்டைக்காரரைப் பிடிக்கிறது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2008இல் தொடங்கிய திட்டத்தில், பல மாநில வனத்துறைகளின் நாய்களுக்குப் பல மாதப் பயிற்சி தருகிறார்கள். சிறுத்தைத் தோல், யானைத் தந்தம் போன்றவற்றின் வாசனையை நாய்க்குப் பழக்குகிறார்கள். சரியாகக் கண்டுபிடித்தால் பரிசு. நாயைக் கையாளப்போகும் வனப் பணியாளரும் கூடவே பயில்கிறார்.

இச்சீமையின் தளியிலும் அஞ்செட்டியிலும் ஆடு வளர்ப்பவருக்கும் இதில் பாடம் உண்டு. குட்டியைச் சிறு வயதிலேயே ஆடுகளோடு பழக்குங்கள். நரி வந்தால் குரைக்கட்டும். துரத்திப் போனால் பேர் சொன்னதும் திரும்பட்டும். திரும்பியதும் தட்டிக்கொடுங்கள். இரவில் நாயைப் பட்டிக்குள் கட்டிவையுங்கள். மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற நோயும் நாயிடமிருந்து நரிக்குத் தொற்றும். வயல் எலியைத் தின்று விவசாயிக்கு உதவும் விலங்கு நரி. ஆட்டையும் காத்து நரியையும் வாழவிடும் நாயை வளர்ப்பதுதான் இன்று நாய் பழக்குபவரின் திறமை.